இரட்டை வீட்டின் சன்னல்கள்

1993ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், தங்கமணி வீட்டு முன்னறைச் சன்னலின் ஒரு கதவு தானாகவே கழன்று தையல் மெஷின் மேல் விழுந்தது. அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க அவள் அப்போதுதான் எழுந்து உள்ளே போயிருந்தாள். திரும்பி வந்தபோது, பாதி தைத்த ரவிக்கை மேல் மரத்தூளும் கரையான் மண்ணும் கொட்டிக் கிடந்தன. கதவைத் தூக்கிப் பார்த்தாள். அட்டைப்பெட்டி மாதிரி கனமே இல்லை. வெளியே பெயிண்ட் மட்டும்தான் மிச்சம் இருந்தது. உள்ளே மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் கணவர் ரெங்கசாமி கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே தங்கமணி முடிவு செய்திருந்தாள்.

"இந்த வாட்டி கண்ணாடி போட்டுடலாங்க. அலுமினியம் சிலைடிங். மழை பெஞ்சா இழுத்து மூடிட்டு நான் பாட்டுக்குத் தைப்பேன்."

ரெங்கசாமிக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வாரமே அலுமினியம் கடைக்கார ஆ கியோங் வந்து அளவெடுத்துப் போனான். அடுத்த வாரம் ஏணியோடு வந்து, தொங்கிக்கொண்டிருந்த மற்றக் கதவுகளைக் கழற்றத் தொடங்கினான்.

அவன் இரண்டாவது கீலில் கை வைத்திருந்தபோது, கழுத்தில் கேமரா தொங்க ஒரு மலாய்ப் பெண் வாசலில் வந்து நின்றாள். நகராண்மைக் கழக அதிகாரி, பெயர் ரொஹானா. முதலில் ஆ கியோங்கை ஏணியிலிருந்து இறங்கச் சொன்னாள். பிறகு தங்கமணியிடம், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெரு முழுவதும் போன வருஷமே பாதுகாக்கப்பட்ட பகுதியாகிவிட்டது என்று நிதானமாக விளக்கினாள். பின்பக்கம் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும் முகப்பு மட்டும் பழையபடி இருக்க வேண்டும். சன்னல் மரமாகத்தான் இருக்க வேண்டும், அதே வடிவத்தில்.

ஆ கியோங் ஏணியை மடக்கி லோரியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தங்கமணி சன்னல் இருந்த ஓட்டையில் ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டினாள். கட்டக் கட்ட ஆத்திரம் ஏறியது. இது யார் வேலை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்தத் தெருவில் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே ஓட்டுக் கூரை. தங்கமணி வீட்டோடு ஒட்டிய பாதியில் நேசம்மா இருந்தார். யாழ்ப்பாணக் குடும்பம், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தங்கமணி மகளின் கல்யாணத்துக்கு வாசலில் கொட்டகை போட்டபோது, ரோட்டை அடைக்கிறது என்று யாரோ புகார் கொடுத்து, கல்யாணத்துக்கு முதல் நாள் ஆட்கள் வந்து அதைப் பிரித்துவிட்டார்கள். "யார் செஞ்சது?" என்று ரெங்கசாமி தெருவில் நின்று கேட்டபோது, நேசம்மா சன்னலைத் திறந்து, "நான்தான்" என்று சொல்லிவிட்டுச் சன்னலை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து ஏழு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அடுத்த வருஷம் நேசம்மாவின் கணவர் விநாயகமூர்த்தி இறந்தபோது ரெங்கசாமி மட்டும் போய் கேட்டருகே நின்றுவிட்டு வந்தார். தங்கமணி போகவில்லை.

இப்போது அவள் நேராகப் போய் நேசம்மாவின் கேட்டைத் தட்டினாள். நேசம்மா வெளியே வந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார், ஆனால் நிற்பதில் அதே விறைப்பு.

"டீச்சர், நேராவே கேக்குறேன். ஆபீசுக்கு போன் பண்ணது நீங்களா?"

"இல்லை" என்றார் நேசம்மா. "செய்திருந்தா செய்தனான் எண்டு சொல்லுவன். போனமுறை சொன்னனான்தானே."

அது உண்மை. இந்த அம்மாள் எதைச் செய்தாலும் ஒளிக்கிற ஆள் இல்லை.

"உள்ளுக்கு வாங்கோ" என்றார் நேசம்மா. "ஒரு சாமான் காட்டவேணும்."

பட்டப்பகலில் அந்த முன்னறையில் டியூப் லைட் எரிந்தது. சன்னல் கதவுகள் எல்லாம் மூடி, உள்கம்பிகளோடு இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. ஒரு வருஷத்துக்கு மேலாகத் திறக்கவே இல்லை என்றார் நேசம்மா. திறந்தால் வெளியே விழும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சுவரோரமாகத்தான் நடந்து போகிறார்கள். யாரைக் கூப்பிட்டு எப்படிச் சரி செய்வது என்று தெரியாமல், கட்டிப்போட்டுவிட்டு இருட்டுக்குள் இருந்துவிட்டார். தங்கமணி ஒரு கதவை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

மறுநாள் இருவரும் சேர்ந்தே ரொஹானாவைப் பார்க்கப் போனார்கள். யாரும் புகார் கொடுக்கவில்லை, தெருவைப் படமெடுக்க வந்தபோதுதான் ஏணி கண்ணில் பட்டது என்றாள் அவள். ஒற்றைச் சுவரோடு இருக்கும் இரண்டு வீடுகளுக்கும் ஒரே முகப்புதான்; இரண்டு பக்கமும் சன்னல்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும்; அதனால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால்தான் அனுமதி கிடைக்கும் என்று அவள் சொன்னாள். புதிதாகச் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. சாலாக் செலாத்தானில் ஒரு மரக்கிடங்கு இருக்கிறது, இடித்த வீடுகளின் கதவு சன்னல்களை அங்கே வாங்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று இடமும் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரெங்கசாமி நண்பரிடம் ஒரு லோரியை இரவல் வாங்கினார். முன்னால் ஒரே சீட்டு. நேசம்மா சன்னலோரம், தங்கமணி நடுவில். சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஒருவர் தோள் ஒருவர் மேல் படாமல் உட்கார இருவரும் பாடுபட்டார்கள். ஆனால் அந்த லோரி அதற்கெல்லாம் இடம் கொடுக்கிற லோரி இல்லை. ஷா ஆலம் தாண்டியபோது நேசம்மா வெளியே பார்த்தபடியே பேசினார்.

"உங்கட மகள்ட கலியாணத்துக்கு முதல் கிழமைதான் என்ர மனிசனுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. எந்த நேரமும் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டி வரலாம் எண்டு டாக்டர் சொல்லியிருந்தார். உங்கட கொட்டகை ரோட்டை முழுக்க அடைச்சிட்டுது. இண்டைக்கெண்டாலும் நான் அதைத்தான் செய்வன்."

தங்கமணி அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே பிரிக்கச் சொல்லியிருப்பேன் டீச்சர்."

"ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு அவர் என்னட்டச் சத்தியம் வாங்கினவர். பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சா வேலையால நிப்பாட்டிப் போடுவினம் எண்டு பயம்."

இறந்தவர் வாசலுக்குப் போகாமல் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த நாள் தங்கமணியின் நினைவுக்கு வந்தது. அதை விட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"கல்யாணத்த கோயில் மண்டபத்துக்கு மாத்துனது நல்லதாத்தான் போச்சு. அன்னிக்குப் பெஞ்ச மழைக்கு, ரோட்டுல இருந்திருந்தா சாப்பாடெல்லாம் மிதந்திருக்கும்."

"ஏழு வருஷமா இத நான் சொல்றேன்" என்றார் ரெங்கசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "ஒரு நாளும் ஒத்துக்கல லா இவ."

நேசம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்துத் தங்கமணி பார்த்ததே இல்லை. அதன் பிறகு தோள்கள் பட்டதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

மரக்கிடங்கில் சன்னல்கள் சுவர்களில் சாய்த்து வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரச் சீனத்து அம்மாள் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்ட, நேசம்மா பள்ளிக்கூடத்துக் கட்டுரை திருத்துகிற கண்டிப்போடு எல்லாவற்றையும் வேண்டாம் என்று ஒதுக்கினார். வெயில் ஏறிய பிறகுதான் சரியானது கிடைத்தது. கரையான் தொடாத செங்கால் மரம், பலகைச் சட்டங்களைக் குச்சியால் மேலும் கீழும் சாய்க்கிற பழைய சன்னல்களின் அதே வடிவம். இரண்டு வீட்டுக்கும் போதும். தட்டிப் பார்த்தால் கல் மாதிரி சத்தம் வந்தது. உயரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அடியில் சீவிக்கொள்ளலாம் என்று ரெங்கசாமி சொன்னார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது நிறத்தில் வந்து சிக்கிக்கொண்டது. தங்கமணிக்கு இளம்பச்சை வேண்டும். மனதுக்குள் அதற்குத் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாள். நேசம்மாவுக்குத் தன் பக்கம் எப்போதும் இருந்த மரநிறம்தான் வேண்டும். பச்சை பாசார் சந்தைக் கடைக்குத்தான் பொருந்தும் என்றார். இரண்டு நாள் மறுபடியும் பேச்சு நின்றுவிடும் போல இருந்தது.

ரொஹானா ஒரு சின்னக் கத்தியோடு வந்தாள். சன்னல் நிலையில் ஒரு மூலையைச் சுரண்டினாள். மேலே தங்கமணி அடித்த நீலம், அதற்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தோடு ஒட்டி, காய்ந்த ரத்தம் போல ஒரு கருஞ்சிவப்பு. ரொஹானாவின் முகம் மலர்ந்தது. வீடு கட்டியபோது அடித்த நிறம் இதுதான், இதையே அடியுங்கள் என்றாள்.

அவள் போனதும் நேசம்மா தங்கமணியைப் பார்த்தார்.

"இறைச்சிக் கடை மாதிரி இருக்கப்போகுது."

"அதான் டீச்சர் நானும் நெனச்சேன்."

முதல்முறையாக ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து. நேசம்மா வீட்டு மேசையில் உட்கார்ந்து, என்ன காரணம் சொல்லலாம், யார் முதலில் பேசலாம் என்று ஒரு சாயங்காலம் முழுவதும் திட்டம் போட்டார்கள். மறுநாள் ரொஹானாவை அழைத்து, வடை கொடுத்து, நேசம்மா தன் நல்ல மலாயில் நீளமாக எடுத்துச் சொன்னார். ரொஹானா எல்லாவற்றையும் கேட்டாள். வடை நன்றாக இருக்கிறது என்றாள். சிவப்புதான் என்றாள்.

ரெங்கசாமி லீவு நாட்களில் ஏணி போட்டு இரண்டு பக்கமும் அவரே பெயிண்ட் அடித்தார். பெண்கள் இருவரும் கீழே நின்று, அங்கே விட்டுப்போச்சு, இங்கே வழியுது என்று மாறி மாறிக் குறை சொன்னார்கள். சுவருக்கு வெள்ளையும் அடித்து முடித்த அன்று காலை மூவரும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார்கள். வெள்ளைச் சுவரில் அந்தக் கருஞ்சிவப்பு வெயில் பட்டு எடுப்பாக இருந்தது. இரண்டு வீடுகள் என்றே தெரியவில்லை. ஒரே பெரிய வீடு போல நின்றது. ரயிலுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நேசம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"பரவாயில்லை" என்றார்.

தங்கமணி விரும்பிய கண்ணாடி கடைசிவரை வரவில்லை. பெருமழை பெய்தால் அவள் இன்னும் லைட்டைப் போட்டுத்தான் தைக்க வேண்டியிருந்தது. ஆனால் சாதாரண மழைக்குப் பலகைகளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் சாரல் உள்ளே வராது, வெளிச்சமும் காற்றும் வரும் என்பதைக் கண்டுகொண்டாள். நேசம்மா பக்கத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை. இரண்டு முறை சீவியும் அது அப்படியே இருந்தது. அந்த இடுக்கில் அவர் ஒரு துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

சாயங்காலங்களில் இரண்டு பக்கச் சன்னல்களும் திறந்திருந்தன. நேசம்மா ரேடியோவில் பழைய பாட்டுகள் வைப்பார். அது ரோட்டுப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்பி வரும். ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்த தங்கமணி மெஷினை நிறுத்திவிட்டு, சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"டீச்சர், சத்தத்த கொஞ்சம் கூட்டி வைங்க. மெஷின் ஓடுனா கேக்க மாட்டேங்குது."

பாட்டு பெரிதாகக் கேட்டது. அவள் ரவிக்கையின் கையை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள்.