பஞ்சமிக்கு முன்

"ரெண்டு பத்துக்குப் பஞ்சமி தொடங்குது, அக்கா. அதுக்கு முன்னம் மெஷினைக் கழட்டச் சொல்லுங்கோ. பஞ்சமியில உயிர் போனா வீட்டில இன்னும் ஆளைக் கொண்டுபோகும்."

ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே தம்பி நிருபன் கைபேசியில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயரூபிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடேயப்பா, என்ன அக்கறை! மூளையில் இரத்தம் கசிந்து விழுந்த அப்பா நாலு மாதமாக மூச்சு மெஷினில் கிடக்கிறார். இனிக் கண் திறக்கமாட்டார் என்று மூன்று வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான், மெஷினைக் கழட்ட அனுமதி கேட்டு அவள் கோர்ட்டுக்குப் போனாள். இந்த மகராசன் அதை மறித்துக் கனடாவிலிருந்து கோர்ட்டுக்கு அனுப்பிய சத்தியக்கடதாசியில் என்ன எழுதியிருந்தான்? உயிரை எடுக்கிறது கடவுளின்ர வேலையாம். அக்கா கொலை செய்யப் பார்க்கிறாவாம். லிங்கநகர்ச் சனம் அதை வாயில் போட்டு மென்றது.

அப்பாவின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டியவள் அவள். இவன் வீடியோவில் அழுதான். அதுவும் சிக்னல் நல்லாயிருந்த நாட்களில்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் கயிறு கட்டி அவிழ்த்த மனுசன் அப்பா. அம்மா குழாய்களோடு கிடந்து செத்த அன்று, "என்னை இப்பிடிக் கட்டி வைக்காத பிள்ளை" என்று சொல்லியிருந்தார். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். தீர்ப்பு வந்ததும் பறந்து வந்த தம்பி, கடவுளின் வேலைக்கு இப்போது நேரம் குறித்துக் கொடுக்கிறான்.

டொக்டர் பிரியதர்சினி முன்பே சொன்னபடி ஒரு மணிக்குக் குழாயை எடுத்தார். மூச்சு உடனே நின்றுவிடும் என்று பார்த்தால், அப்பா தானாக மூச்சு விடத் தொடங்கினார். மெல்ல, ஒரு அவசரமும் இல்லாமல். ஜெயரூபி கதிரையை இழுத்துப் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இஞ்சதான் இருக்கிறன், அப்பா."

ஒன்றரை ஆயிற்று. ஒன்று ஐம்பது ஆயிற்று. நிருபனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு டொக்டரின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு ஊசி கீசி போட்டுக் கெதியா முடிக்க ஏலாதா, டொக்டர்?"

டொக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுதான் கொலை. நோகாமல் இருக்க மருந்து குடுத்திருக்கிறம். அதுக்கு மேல ஒண்டும் செய்ய ஏலாது."

ஜெயரூபி தம்பியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் துப்பியிருப்பாள். பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டைத் துடைத்தாள்.

இரண்டு பத்து வந்தது, போனது. இரண்டு இருபத்தைந்துக்கு அப்பாவின் நெஞ்சு இறங்கியது. பிறகு ஏறவில்லை.

தாதி நேரத்தை எழுதக் குனிந்தாள்.

"மிஸ்," நிருபன் கிட்டப் போனான். "ரெண்டு அஞ்சு எண்டு போட்டுவிடுங்கோவன்."

தாதி ஜெயரூபியைப் பார்த்தாள்.

"ரெண்டு இருபத்தைஞ்சு," என்றாள் ஜெயரூபி.

குழாய் நழுவாமல் கட்டியிருந்த நாடா அப்பாவின் கழுத்தடியில் இன்னும் கிடந்தது. அவள் குனிந்து அதன் முடிச்சை அவிழ்த்தாள்.