லோர்னாவின் கோழிகளுக்கு நல்ல தண்ணீர்

எங்கள் ஊரில் துணிகளுக்கு ரசாயனப் பூச்சு பூசும் ஆலை ஒன்று இருந்தது. அதை மூடிப் பல வருடங்கள் கழித்துத்தான் அந்த ரசாயனம் கிணறுகளில் இறங்கியிருப்பது தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. வீட்டு வாசலில், ஆட்கள் குடிக்க மட்டும் போதுமான தண்ணீர்க் கேன்கள் வந்து இறங்கின.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற லோர்னா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால், தன் கோழிகளின் முட்டையிலும் அதே ரசாயனம் இருப்பதாகச் சோதிக்க வந்தவர்கள் சொன்னபோது உட்கார்ந்துவிட்டாள். முட்டையும் ஆகாது, கறியும் ஆகாது. அறுத்துப் புதைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தினமும் முட்டைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

பக்கத்து வீட்டு அர்மான், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்த ஆலையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வேலிமேல் சாய்ந்துகொண்டு சொன்னான்:

“எதுக்கும் உதவாம உக்காந்து தின்னுற கோழிங்கள இப்பத்தான் பாக்குறேன்.”

“நீயுந்தான் உக்காந்து தின்னுற. உன்ன யாராவது அறுத்தாங்களா?”

மறுமுறை தண்ணீர் சோதிக்க வந்த ஹேசல் என்ற பெண் அதிகாரியிடம் லோர்னா கேட்டாள்: “இதுங்களுக்கு விமோசனமே இல்லையாம்மா?”

“ஏன் இல்ல? மனுச உடம்பவிடக் கோழி உடம்புலேருந்து இந்த ரசாயனம் சீக்கிரம் வெளியேறிடும். நல்ல தண்ணி குடுங்க, இந்த மண்ணக் கிளற விடாதீங்க. அப்புறம் சோதிச்சுப் பாக்கலாம்.”

அர்மானின் மகள் வீடு மலைக்கு அந்தப் பக்கம். அங்கே கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருந்தது. அவன் தன் வண்டியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய் நிரப்பிவந்தான். கூண்டுக்குப் பலகைத் தரையும் அடித்துக் கொடுத்தான். பனிக்காலத்தில் வழியிலேயே தண்ணீர் உறைந்துபோகும். லோர்னா அடுப்பில் வெந்நீர் வைத்து ஊற்றி இளக்குவாள்.

“என் பொண்டாட்டிக்குக்கூட நான் இப்படித் தண்ணி சுமந்ததில்ல.”

“அதான் அவ ஃபுளோரிடாவுக்கு ஓடிட்டா.”

பனி உருகிய சமயத்தில் ஹேசல் முட்டைகளை எடுத்துப்போனாள். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டாள். “தாராளமா சாப்பிடலாம்.”

லோர்னா வெளியே ஓடிவந்து அர்மானைக் கத்திக் கூப்பிட்டாள். வெண்ணெய் உருக்கி, நிறையப் பாலாடைக்கட்டி சீவிப் போட்டு ஆம்லெட் செய்தாள். முதல் வாய் எடுக்கும்முன் அவன் கொஞ்சம் தயங்கினான்.

“கோழி தப்பிச்சிருச்சு. என் ரத்தத்துல இருக்கறது போக வருசக்கணக்காகுமாம், லோர்னா.”

அவள் அவன் தோளில் கை வைத்தாள். பிறகு சொன்னாள்: “ஆகட்டும். நீ முட்டை போட்டு யாரும் சாப்பிடப் போறதில்லையே.”

அவனுக்குச் சிரிப்பில் புரையேறியது. தட்டை ரொட்டியால் வழித்துவிட்டு, இன்னொன்று போடச் சொன்னான்.

அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கே நல்ல தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. தண்ணீர் சுமக்கும் வேலை இல்லையென்றாலும், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அர்மான் லோர்னா வீட்டில்தான் சாப்பிடுகிறான்.