எர்லிந்தாவுக்குப் பின்வாங்கிய ஏரி

மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, எர்லிந்தா வலது காலைத் தண்ணீரில் வைக்கப் போன நேரத்தில், ஏரி நானூறு மீட்டர் பின்னால் போய்விட்டது. காற்றும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. அன்று கோடை ஓட்டம். முதலில் கரைக்கு வந்தவள் அவள்தான். அடுத்து வந்தவன் ஒரு தெரு பின்னால் இருந்தான். சேற்றில் தடுமாறிக்கொண்டு அவள் அந்த நானூறையும் ஓடினாள். ஏரி இன்னொரு நூறு போனது. மூச்சு வாங்கித் திரும்பினாள். அவள் கரையேறியதும் தண்ணீர் வந்து லிசாந்த்ரோவின் காலணியை நனைத்தது. அவன் படகுச் சங்கத் தலைவரின் மகன். அவனுக்காக ஏரி படித்துறையைத் தாண்டித் தெருவுக்கே வந்தது. கோப்பை அவனுக்குப் போனது.

ஓட்டம் ஐந்து கிலோமீட்டர் என்று சுவரொட்டியில் போடுவார்களே தவிர, விதியில் கிலோமீட்டரே கிடையாது. விதியை எழுதிய நோட்டரி தோன் அனிபால் எங்கள் ஊர்க்காரர்; எங்களுக்கு வழி எழுதத் தெரிந்த விதம் ஒன்றே ஒன்றுதான். "ஐஸ் ஆலை இருந்த இடத்திலிருந்து, ஏரிப் பக்கமாக, தண்ணீர் வரைக்கும். முதலில் கால் நனைப்பவருக்கு வெற்றி." நிக்கராகுவாவில் கிழக்கு, மேற்கு என்று பேசுகிறவன் வெளியூர்க்காரன். வீட்டுக்கு எண் கிடையாது. விலாசம் ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த ஒன்று காணாமல் போய் நாற்பது வருடம் ஆகியிருக்கும். ஐஸ் ஆலை இருந்த இடம், இலவ மரம் இருந்த இடம், காது கேட்காத தையல்காரர் இருந்த வீடு. அங்கிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு, மலைப் பக்கம் ஒன்று. தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவார்.

எர்லிந்தா குடியிருந்த ஏரிக்கரைத் தகர வீடுகளில் காணாமல் போவதற்கு ஒன்றும் இருந்ததில்லை. அதனால் விலாசமும் இல்லை. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் மேல் பொரித்த பன்றித்தோலும் கோஸும் வைத்து, வாழையிலையில் மடித்துப் பேருந்து நிலையத்தில் விற்பவள் அவள். புறப்பட்ட பேருந்துகளின் பின்னால் ஓடி ஓடி உரமேறிய கால் அது. அந்த முதல் ஓட்டத்துக்கு முந்தின வருடம், ஒரு நண்பகலில் அவளுடைய ஆறு வயது மகள் யாமிலெத்துக்கு மூச்சு முட்டியது. கணவன் சந்தோஸ் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். "எங்கேருந்து எண்ணணும்? அதச் சொல்லுய்யா மொதல்ல" என்றார்கள். "தண்ணிக்குப் பக்கத்துல, தகர வீடு, வாசல்ல நீலப் பீப்பா" என்றான். அங்கே எல்லா வீடும் தகரம், எல்லா வாசலிலும் நீலப் பீப்பாய். சைரன் அரை மணி நேரம் சந்து சந்தாகச் சுற்றுவதைத் தாயும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு தாய் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நகராட்சியில் ஒரு விலாசப் புத்தகம் உண்டு. உயிரோடு இருக்கும்போதே அதில் ஏற ஒரே வழி, கோடை ஓட்டத்தில் ஜெயிப்பது. ஜெயித்தவரின் வீட்டிலிருந்து அந்தத் தெரு முழுக்க எண்ணிக்கொள்ளலாம். எர்லிந்தாவுக்குக் கோப்பை வேண்டியிருக்கவில்லை, அந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு பாஸ்தோராவின் கைக்குழந்தைக்கும் அதே இழுப்பு இருந்தது.

தோன் அனிபாலிடம் போய் நின்றாள்.

"நாந்தானே மொதல்ல வந்தேன், தோன் அனிபால்? ஊரே பாத்துச்சே."

"பாத்தோம் தாயி, யாரு இல்லேன்னா? கால் நனையலையே."

"ஏரி ஓடிப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"இன்னும் கொஞ்சம் வெரசா ஓடியிருக்கலாம்" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார் அந்த மனிதர்.

இரண்டாம் வருடம் ஏரி அறுநூறு மீட்டர் போனது, மூன்றாம் வருடம் ஒரு கிலோமீட்டர். நான்காம் வருடம் அவள் இடுப்பில் ஒரு டப்பாத் தண்ணீர் கட்டிக்கொண்டு ஓடிக் கரையிலேயே காலை நனைத்துக்கொண்டாள். அது குழாய்த் தண்ணீர் என்று தள்ளிவிட்டார்கள். வெறுமையான ஏரித் தரையில் ஒரு பழைய பீரங்கியும் திருடுபோன இரண்டு மிதிவண்டிகளும் தெரிந்தன. கூடவே கணக்கில்லாத மீன்கள், வாயைப் பிளந்து துள்ளிக்கொண்டு. ஐந்தாம் வருடம் ஊரே கூடையோடு வந்துவிட்டது. படகுச் சங்கம் குளிர்பானக் கடை போட்டது. "ஓடு எர்லிந்தா, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள், அவள் எவ்வளவு தூரம் போகிறாளோ அவ்வளவு மீன். வெட்கம் கெட்ட ஊர். நானும் இரண்டு கூடை அள்ளினேன், மறைக்க என்ன இருக்கிறது? "நீ ஜெயிச்சுட்டா எங்களுக்கு மீன் ஏதுடி?" என்று பாஸ்தோராவே சிரித்தாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், கூடையை மட்டும் கீழே வைக்கவில்லை.

"ஏரிக்கும் ஆள் பாத்துதான் மரியாத" என்று சந்தோஸ் ஏழாம் வருடம் அவளைத் தடுத்துப் பார்த்தான். "போதும், விட்டுரு. இவனுங்களுக்கு மீன் புடிச்சுக் குடுக்கவா ஓடுற?"

"பாஸ்தோரா மகளுக்கு நேத்தும் இழுத்துச்சு" என்றாள் அவள். "இந்தத் தடவ நான் திரும்பப் போறதில்ல. அது எம்புட்டுத் தூரந்தான் போவுதுன்னு பாத்துடறேன்."

திரும்பவில்லை. ஒன்பது மணிக்குத் தீவுகளெல்லாம் தரையில் குன்றுகளாக நின்றன. பத்து மணிக்கு அவள் ஒரு புள்ளி. பதினொன்றுக்குக் கூடைகள் நிறைந்துவிட்டன, வெயிலும் ஏறிவிட்டது, எல்லோரும் மீனைக் கழுவ வீட்டுக்குப் போனோம். சந்தோஸ் மட்டும் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றான். மாலை நான்கு மணிக்கு ஏரி திரும்பி வந்தது, அவள் வரவில்லை. சங்கத்து நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த லிசாந்த்ரோவின் கால் நனைந்தது, ஏழாவது கோப்பை. அன்று தங்கள் பக்கம் தண்ணீர் வாழைத்தோப்பு வரை ஏறியதாக மறுகரைக்காரர்கள் சொன்னார்கள். ஓடி வந்த பெண் யாரையும் அவர்கள் பார்க்கவில்லை.

மூன்று வாரத்துக்குள் கேஸ் சிலிண்டர்காரன் தெருமுனையில் கத்தினான்: "எர்லிந்தா இருந்த வீட்டுலேருந்து மலைப் பக்கம் மூணாவது வாசல்!" சந்தோஸ் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "இருக்குற வீடுன்னு சொல்லுடா!" என்று உலுக்கினான். சிலிண்டர்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜூனில் நகராட்சியே அதைப் புத்தகத்தில் ஏற்றியது. கையெழுத்துக் கேட்டுப் படிவம் வந்தது. 'இருந்த' என்ற சொல் அதில் முன்பே அச்சாகியிருந்தது. அவன் கிழித்துப் போட்டான். அவன் கையெழுத்து இல்லாமலே வேலை நடந்தது. தபால் வந்தது, மருந்துக்கடைப் பையன் வந்தான், தகர வீடுகள் நூற்றி நாற்பதும் அவளிடமிருந்து எண்ணப்பட்டன. ஏரி அதன் பிறகு அசையவில்லை. மீன் ராத்தல் அறுபது கோர்தோபா ஆகிவிட்டது.

அடுத்த மார்ச்சில், ஒரு நண்பகலில், சந்தோஸ் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான்.

"எங்கேருந்து எண்ணணும்?" என்றாள் போனின் மறுமுனையில் இருந்த பெண்.

"எர்லிந்தா" என்றான். பிறகு, "இருந்த வீடு" என்றான்.

ஒன்பது நிமிடத்தில் வண்டி வாசலில் நின்றது. ஓட்டுநர் குதித்திறங்கி, "யாருக்குய்யா உடம்பு சரியில்ல?" என்றான்.

"யாருக்கும் இல்ல. வழி தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? ஊருக்கே தெரியுமே. இதுக்கா கூப்பிட்ட?"

சந்தோஸ் தலையாட்டினான். நீலப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி அழுதான். ஓட்டுநர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பொய் அழைப்பு என்று எழுதிக்கொண்டு கிளம்பினான்.