இறாலுக்கு நோகக் கூடாது

ரெஜி சிரித்தால் நான் உஷாராகிவிடுவேன். அவன் சிரித்துவிட்டுப் போன மறுநாள் ஏதாவது ஒன்று எங்கள் தலையில் விடியும். அன்று சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குள் வந்ததோடு நிற்காமல், ஒரு வாளி நிறைய அரைத்த மருதாணியும் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

"கிறிஸ்துமஸ் வருதில்லே சேச்சிமாரே! எல்லாரும் நல்லா கைக்கு இடணும், கேட்டோ. கம்பெனி வகையாக்கும்."

ஒரு ஐஸ் துண்டு தரையில் விழுந்தாலே ஆளைத் தேடிப் பிடித்துத் திட்டுகிற சூப்பர்வைசர் அவன். அவனுக்கு எங்கள் கையழகின் மேல் என்ன அக்கறை? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

மற்றப் பெண்கள் வாளியை மொய்த்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விழிஞ்ஞத்தில் இந்த பீலிங் ஷெட்டில் இறால் உரிக்கிற எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் விரல் நுனிக்கு மருதாணி வைப்போம். அழகுக்கு இல்லை. பகல் முழுக்க எங்கள் கை ஐஸ் தண்ணீரில் கிடக்கும். தலையைக் கிள்ளும்போது இறாலின் கொம்பு குத்தும், அதன் நீர் பட்டுத் தோல் அரித்துப் போகும். மருதாணி வைத்தால் தோல் கொஞ்சம் கெட்டிப்படும். நாங்களே செய்கிற காரியத்தைக் கம்பெனி செய்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கு வந்தது. மருதாணி பிடித்த கையில் புண் எது, பூச்சு எதுவென்று தெரியாது. எல்லாம் ஒரே சிவப்பாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைக்கார மதாம்மா வரப்போகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். ஐரோப்பாவில் பதினைந்து நாடுகள் கூடி ஒரே சந்தை ஆகிவிட்டன. எல்லாருக்கும் ஒரே சட்டம். போன வருஷம், தொண்ணூற்றியேழில், நம் ஊர் இறால் சுத்தமில்லை என்று பதினைந்து வீட்டுக் கதவும் ஒன்றாய்ச் சாத்திக்கொண்டன. எங்கள் ஷெட் பூட்டிக் கிடந்தது. மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்று நாளைத் தள்ளினோம். இப்போது திறந்திருக்கிறார்கள். சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ், தலைக்குத் தொப்பி, காலுக்கு பூட்ஸ். வாங்குகிற கம்பெனியின் மதாம்மா வந்து பார்த்து, சரி என்றால்தான் இனி வேலை நிலைக்கும்.

எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. என் தங்கை சுசீலாபாய்க்கு வலது ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகிப் பார்த்தோம், கேட்கவில்லை. நகத்தைச் சுற்றிப் பழுத்து, ராத்திரி தூக்கமில்லாமல் முனகுகிறாள். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான், கொல்லத்துக்கு மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனவன் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவளும் மகள் லிபியும் சாப்பிடுவது இந்த விரலால்தான்.

"எக்கா, நான் மருதாணி இடல்லே. மதாம்மாகிட்ட விரலக் காட்டப் போறேன்" என்றாள் சுசீலா.

"எளா, உனக்குக் கிறுக்கா? அவ உனக்கு மாமியா மவளா?"

"வேலக்காரங்க கை எப்பிடி இருக்குன்னு பாக்கத்தான் வாறாளாம். ஷைலஜா சேச்சி சொன்னா."

"யாரு, ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ இருக்கியவளா? அவ சொன்னா வேதவாக்காக்கும்!"

"உனக்கு யாரத்தான் நம்பத் தெரியும்? கோயில்ல ஜெபம் பண்ணும்போகூட நீ ஒரு கண்ணத் தொறந்துதான் வச்சிருக்க."

அது உண்மைதான். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டாமா? சண்டை போட்டு, அவள் கையை மடியில் பிடித்து வைத்து, நானே மருதாணியை அப்பினேன். புண்ணைப் பார்த்தால் விரட்டிவிடுவார்கள் என்பதுதான் என் பயம். ரெஜி எதை மறைக்க நினைத்தானோ அதையே நானும் மறைத்தேன். அவனோடு ஒரே கட்சியில் நிற்க வேண்டி வந்ததே என்று எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் புதுக் கையுறை கொடுத்தார்கள். நீல நிறம், பூவிதழ் மாதிரி மெல்லிசு. இத்தனை காலம் எங்கே இருந்தது இது?

மதாம்மா நெட்டையாக, முகமெல்லாம் புள்ளியாக இருந்தாள். எங்களைப் போலவே தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, மேஜை மேஜையாக நின்று பார்த்தாள். பக்கத்தில் ஷைலஜா, மொழிபெயர்ப்புக்கு. ரெஜி பின்னால், சிரித்துக்கொண்டு.

"கைக்கு ஏதாவது பிரச்சினை உண்டோன்னு மேடம் கேக்கறாங்க" என்றாள் ஷைலஜா.

எல்லோரும் குனிந்து இறாலை உரித்தார்கள். நான் சுசீலாவின் காலை மிதித்தேன். பூட்ஸ் மேல் மிதித்தால் என்ன உறைக்கும்? அவள் கையுறையை உருவினாள். விரலை மதாம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டி, மற்றக் கையால் அமுக்கினாள். மருதாணிச் சிவப்புக்குள்ளிருந்து சீழும் இரத்தமும் வந்தது.

மதாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன், பொய்யில்லை. சுசீலாவின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"எல்லாம் சரியாக்கறேன்னு சொன்னாங்க" என்றாள் ஷைலஜா.

அத்தனை நீள இங்கிலீஷுக்கு இத்தனை குட்டித் தமிழா? அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சுசீலா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பாத்தியாக்கா, நீதான் பயந்து செத்தே என்கிற சிரிப்பு, அதைப் பார்த்து நானும் கொஞ்சம் இளகிவிட்டேன். மருந்து தருவார்கள், லீவு தருவார்கள் என்று பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

திங்கட்கிழமை ரெஜி எங்களை கேட்டிலேயே மறித்தான்.

"ரத்னாபாய் சேச்சி உள்ள கேறிக்கோ. சுசீலாபாய் வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"கையில புண்ணுள்ளவங்க உள்ள கேறக்கூடாது. நான் சொல்லல்லை. மதாம்மா சொன்னதாக்கும்."

ஆபீசுக்குள் புகுந்து ஷைலஜாவைப் பிடித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "சத்தியமாத்தான் ரத்னாபாய். புண் உள்ள கை தின்கிற பொருளைத் தொடக்கூடாதுன்னு அவங்க நாட்டுச் சட்டம். அதைச் சொல்லிட்டுத்தான் போனாங்க."

"செரி. மருந்து? வீட்ல இருக்கிய நாளுக்குக் கூலி?"

"அவங்க ஊர்ல அதுக்கும் சட்டம் இருக்குமாயிருக்கும். அந்தச் சட்டம் இங்க வரல்லை."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டைல்ஸ், தொப்பி, பூட்ஸ், கையுறை எல்லாம் யாருக்கு? இறாலுக்கு! அதற்கு நோகக் கூடாது, அதன்மேல் தூசு விழக்கூடாது. அதை உரிக்கிறவளின் விரல் அழுகினால் அவளையும் இறால் ஓட்டோடு வெளியே கொட்டு. பாவி மட்டைகள்! ரெஜியைச் சந்தேகப்பட்டேன், ஷைலஜாவைச் சந்தேகப்பட்டேன், மதாம்மாவின் கண்ணீரை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேன்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சுசீலாவின் நகத்தையே எடுத்துவிட்டார்கள். புண் ஆறின பிறகு போய்க் கேட்டோம். "நகம் முளைச்சு வரட்டும்" என்றான் ரெஜி. நகம் முளைக்கத் தொடங்கியதும் போனோம். "நோக்கட்டே" என்றான், பார்க்கலாம் என்கிற மாதிரி. அவள் இடத்தில் பூவார்ப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். அப்புறமும் நோக்கட்டே என்றால் எனக்குப் புரியாதா?

அதற்குப் பிறகு நான் மருதாணியே வைக்கவில்லை. நகம் வளர்ந்து, பழைய சிவப்பு பாதிக்கு மேல் நுனிக்கு நகர்ந்திருந்தபோது, மதாம்மா மறுபடியும் வருகிறாள் என்றார்கள். இதுதான் கடைசிப் பார்வையாம். ரெஜி நேராக என்னிடம் வந்தான். சிரித்தான்.

"மதாம்மா தங்கச்சியைக் கேட்டா, சுகமாயி, வீட்ல ரெஸ்ட் எடுக்குதுன்னு சொன்னா மதி, போதும். சேச்சியும் இங்க வேல செய்யணுமில்லே?"

"பின்னே, வேண்டாமா?" என்றேன். அவன் திருப்தியாகப் போனான். என்னையும் யாராவது சந்தேகப்பட வேண்டுமே, அந்த அறிவு அவனுக்கு இல்லை.

காலையில் வரும்போதே சுசீலாவையும் கூட்டிவந்து, கேட்டுக்கு வெளியே மீன்வண்டி நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மதாம்மா வந்தாள். என் மேஜைக்கு வந்ததும் நின்று, பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தன் ஆள்காட்டி விரலை உயர்த்தி, மற்றக் கையால் அதன் நுனியைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ரெஜி என்னைப் பார்த்தான். ஷைலஜா மதாம்மாவிடம் ஏதோ சொல்லத் தொடங்கினாள். என்ன சொன்னாளோ, கடவுளுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் அவளை நம்பி நிற்க எனக்கு மனமில்லை. நான் எட்டி மதாம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து வாசலை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து ரெஜி, "சேச்சி! எந்தா இது?" என்று ஓடிவந்தான். "நீ விடு ரெஜி" என்று ஷைலஜாவின் குரல் கேட்டது. அவள் யார் பக்கம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கேட்டைத் திறக்கச் சொன்னேன். வாட்ச்மேன் மதாம்மாவைப் பார்த்துப் பயந்து திறந்துவிட்டான். வெயிலில் சுசீலா நின்றாள். அவள் கையைக் காட்டவில்லை, அழவும் இல்லை. "புண்ணு ஆறிட்டு மேடம். நான் எப்ப வேலைக்கு வரட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

"இத அப்பிடியே சொல்லு. ஒரு வார்த்த குறையப்பிடாது" என்றேன், ரெஜியோடு பின்னாலேயே வந்த ஷைலஜாவிடம்.

அவள் சொன்னாள். மதாம்மா சுசீலாவின் விரலைப் பார்த்தாள், அரைகுறையாய் முளைத்த நகத்தைப் பார்த்தாள், ரெஜியைப் பார்த்தாள். இந்த முறை அவளுக்குக் கண் கலங்கவில்லை. முகம் மட்டும் சிவந்தது. மெதுவாக என் பிடியிலிருந்து தன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

நான் விடவில்லை. "மொதல்ல பதில் சொல்லச் சொல்லு" என்றேன்.