ஹேமலதாவின் பெர்மி

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அரியாங்குப்பத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் புருஷோத்தமனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். கார் வசப்படவில்லை. அவர் தங்கையின் கதை மனசில் தங்கிவிட்டது. “எழுதிக்கோங்க, பரவால்ல” என்று அவரே சொன்னார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பிரான்சில் சாலையோரம் ஒரு கேமரா கண் இமைக்காமல்...’ வேண்டாம். கேமராவை முன்னால் நிறுத்தினால் ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள்.

2

புருஷனைப் பறிகொடுத்த தங்கை ஹேமலதாவைப் பார்க்க அவர் பிரான்சுக்குப் போயிருந்தார். அவள் அங்கே வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கார் அவளுடையது, ஓட்டியது இவர். வழியில் இவர் ஏதோ சொல்லப்போக, அவள் சிரித்துவிட்டாள். மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. இவர் அவளையே பார்த்தார். வேகப் பலகையைப் பார்க்கவில்லை.

(‘பலகையைப் பாரு’ என்று எங்களைத் திட்டுகிறவரா தவறவிட்டார்? நம்பும்படி இல்லையே என்று அந்த வரியை இரண்டு முறை அடித்தேன். எனக்கும் ஒரு தங்கை உண்டு. திரும்ப எழுதினேன்.)

3

இவர் புதுச்சேரி திரும்பிய பிறகு, கார் வேகமாகப் போனதைக் கேமரா பிடித்துவிட்டதாக அவள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. யார் ஓட்டியது என்று கேட்டிருந்தார்கள். ‘நான்தான்’ என்றாள். லைசென்சை அங்கே பெர்மி என்பார்கள். அதற்குப் புள்ளிகள் உண்டு. தப்பு செய்யச் செய்யக் குறையும். ஹேமலதாவுக்கு ஏற்கெனவே ஏறக்குறைய எல்லாம் குறைந்திருந்தது. இதோடு மிச்சமும் தீர்ந்து பெர்மி போய்விட்டது. அண்ணனிடம் மூச்சுவிடவில்லை.

பிரான்சிலிருந்து லீவில் ஊருக்கு வந்த அவள் தோழி வசந்தாதான் போட்டு உடைத்தாள். “உங்களுக்குத் தெரியாதாண்ணா? பனியில பஸ்ஸுக்கு நிக்குது. தூரத்து வீடுங்கல்லாம் வேற ஆளுக்குப் போயிடுச்சி.”

அவர் உடனே தங்கைக்குப் போன் போட்டார்.

“என் பேரைச் சொல்ல வேண்டியதுதானே ஹேமா?”

“சொன்னா அடுத்த வாட்டி உனக்கு விசா குடுக்காம போயிட்டா?”

“அதுக்கெல்லாமா நிறுத்துவாங்க?”

“தெரியாதுண்ணா. பயமா இருந்துச்சி. பெர்மியைத் திரும்ப எழுதி வாங்கிக்கலாம். நீ வரலைன்னா நான் என்னா பண்ணுவேன்?”

“இப்பவாவது நான் சொல்லிடறேன்.”

“பொய் சொன்னதுக்கு என்னைப் புடிப்பாங்க. சும்மா இரு.”

‘அவர் கண்களில்...’ என்று எழுதி நிறுத்திவிட்டேன். நடந்தது இதுதான்: அன்றைய வகுப்புகளை ரத்து செய்தார். நிறுத்தியிருந்த காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்.

4

இங்கே ஹேமலதா ஊருக்கே திரும்பிவிடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பரீட்சைக்குப் படித்தாள். அண்ணன் தினமும் போனில் சொல்லிக்கொடுத்தார். அவள் கேள்வியை பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொல்வாள், அவர் விளக்குவார். அது வலது பக்கம் ஓட்டுகிற ஊர். இடது பக்கமே ஓட்டிப் பழகிய அண்ணன் தப்புத் தப்பாகச் சொன்னார்.

“ண்ணா, உன்னை நம்புனா நான் நடந்துதான் போவணும்!”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தேறினாள். பெர்மி வந்தது. விட்டுப்போன வீடுகளில் சில திரும்ப வந்தன, சில வரவில்லை. அவருக்கு விசாவும் கிடைத்தது.

5

இப்போது பாரிஸ் ஏர்போர்ட் வாசல். ஹேமலதா கார் சாவியை நீட்டுகிறாள். “ஓட்டுண்ணா.”

“நீ ஓட்டும்மா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

“எனக்குப் பயமில்ல. உனக்கு?”

அவர் கையை நீட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. உங்களுக்கும் அண்ணனோ தங்கையோ இருப்பார்கள். அந்தச் சாவியை யார் கையில் கொடுப்பீர்கள்?