உள்பக்கக் கைப்பிடி

கார்க் கதவின் உள்பலகைக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு அவள் மெல்ல நெம்பினாள். முதல் கிளிப் டப்பென்று கழன்றது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வந்தவர்களின் செருப்புகள் இன்னும் வாசலில் குவிந்து கிடந்தன.

"என்னம்மா பண்ற?" என்றார் மாமா, அம்மாவின் தம்பி. "இன்னைக்கா காரைப் பிரிப்பாங்க? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"கண்ணாடி சரியா நிக்கல மாமா."

பொய். கண்ணாடி நன்றாகத்தான் நின்றது. மாமா உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனார்.

கண்ணாடி மக்கர் செய்தது பத்து நாளைக்கு முன்பு. ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நடுவில் சிக்கிக்கொண்டது. மெக்கானிக்கிடம் விடச் சொன்ன அம்மாவை அப்பா கையமர்த்தினார். "ஆபீஸ்ல எத்தனை பிரிண்டரப் பிரிச்சுப் போட்டு மாட்டுறா எம்பொண்ணு. இந்தக் கதவு எம்மாத்திரம்?" சொன்னதோடு நின்றாரா? பக்கத்து வீட்டுக்காரர்களை வேறு வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்.

அவளும் விடவில்லை. பலகையைக் கழற்றி, தடத்தை விட்டு நழுவியிருந்த கண்ணாடியை உட்கார வைத்து, மறுபடி மாட்டி, பத்து தடவை ஏற்றி இறக்கிக் காட்டினாள். ஒரு கிளிப் மிஞ்சியது. "ஒண்ணாவது மிஞ்சினாத்தான் அவ நல்ல மெக்கானிக்கு" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது. எல்லோரும் வெளியே நின்றார்கள். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேற்று சாயங்காலம் வீட்டு வாசலிலேயே, நிறுத்திய காருக்குள் அப்பா ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். அடுப்படிக்கும் காருக்கும் இருபது அடி இருக்கும். கண்ணாடி நாலு விரல் இறங்கியிருந்தது. மூச்சு முட்டிக் காற்றுக்காக இறக்கியிருப்பார், பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். இன்று காலை காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கப் பார்த்தபோது கைப்பிடி தொளதொளவென்று ஆடியது; கதவு திறக்கவில்லை.

நேற்று ஆளாளுக்குப் பிடித்து இழுத்ததில் உடைந்திருக்கலாம். உடைந்திருக்க வேண்டும். காலையிலிருந்து அவள் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கிளிப்பும் கழன்றது. பலகையைத் தூக்கி எடுத்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த பாலிதீன் தாளை உரித்தாள். கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போக வேண்டிய கம்பி உடையவில்லை, வளையக்கூட இல்லை. வேலை செய்யும்போது குறுக்கே வராமலிருக்க, பத்து நாளைக்கு முன்பு அவளே ஒதுக்கி ஒட்டிய சிவப்பு டேப்பில் அப்படியே இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அதையா பாக்குற?" அம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "உள்ளேருந்து தெறக்கலன்னு மறுநாளே சொன்னாருடி. கண்ணாடிய முழுசா இறக்கி, கைய வெளிய விட்டுத் தெறந்துக்குவாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. தெருவையே கூட்டிப் பெருமையடிச்சேன், இப்பப் போய்ச் சொன்னா புள்ள மொகம் வாடிப் போயிடும்னாரு. தானே ஒருநாள் உக்காந்து சரி பண்ணிடறேன்னாரு."

அவள் நிமிரவில்லை. நாலு விரல். அந்த இடைவெளியில் அப்பாவின் முழங்கை நுழையாது. இறக்க ஆரம்பித்திருக்கிறார், முடியவில்லை.

"எறங்குனதும் கதவ அறைஞ்சு சாத்துவாருல்ல," என்றாள் அம்மா. "அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் டீ வைப்பேன். நேத்து சத்தமே வரல. காரை நிறுத்திட்டு யார்கிட்டயோ பேசிக்கிட்டிருக்காருன்னு நானும் இருந்துட்டேன்."

அம்மா எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாளா என்று தெரியவில்லை. மகளின் தலையில் ஒரு நிமிடம் கை வைத்திருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவள் டேப்பை உரித்தாள். கம்பியின் நுனியைக் கைப்பிடியில் கொடுத்து அழுத்தினாள். க்ளிக் என்று உட்கார்ந்துகொண்டது. ஒரு நிமிட வேலை. தாளை ஒட்டி, பலகையை ஒவ்வொரு கிளிப்பாகத் தட்டி மாட்டினாள். டேஷ்போர்டுப் பெட்டியில் அப்பா பத்திரமாகப் போட்டு வைத்திருந்த அந்த மிஞ்சிய கிளிப்புக்கும் ஓர் ஓட்டை இருந்தது. இந்தத் தடவை எதுவும் மிஞ்சவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து கைப்பிடியை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு திறந்தது. இறங்கி, கதவை அறைந்து சாத்தினாள்.

அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அடுத்து, அடுப்புப் பற்றுகிற சத்தம்.