வாடகைதாரர் உங்களுக்கு உறவா?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் காத்திருக்கும் அறையில் பொறுக்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொந்தத் தொழில் செய்கிறவர்களும் வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் இனிமேல் வரவு செலவைச் செல்போனிலேயே பதிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. பிஸ்கட் டப்பாவில் ரசீது சேர்க்கும் என்னைப் போன்றவர்களுக்காக ஆடிட்டரம்மா ஒரு வகுப்பு நடத்தினார். "வாடகை வருமானம் யாருக்காவது இருக்கா?" என்று அவர் கேட்டபோது, பக்கத்து நாற்காலிக்காரர் கையைப் பாதி தூக்கி, அப்படியே காதைச் சொறிந்துகொண்டார்.

சில நாள் கழித்து அதே மனிதர், அதே அறையில், எல்லார் காதிலும் விழும்படி ஒரு வாக்கியம் சொன்னார். நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். நடுவில் உள்ளதெல்லாம் இட்டுக்கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

மாஸ்டர் நல்லவர், ஆனால்

(விட்டுவிட்டேன். 'ஆனால்' வந்த பிறகு பிழைத்த நல்லவர் எவரும் இல்லை.)

கார் ஓட்டக் கற்றுத்தருவது அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரின் தொழில். அதனால் ஊருக்கே மாஸ்டர். கற்றுக்கொள்ள வந்தவர் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் உரசினாலும் குரல் உயராது. "பரவாயில்லம்மா, ரிவர்ஸ் போடுங்க" என்பார். மாடி வீட்டில் அவருடைய அக்கா குடியிருந்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. புருஷனோடு ஒத்துவராமல் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவள், "ஓசியில இருக்க மாட்டேன்டா, வாடகை வாங்கிக்கோ" என்றாள். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்றிருக்கலாம். வாங்கிக்கொண்டார். தெருவில் மற்றவர்கள் வாடகையை ஏற்றியபோது அவரும் ஏற்றினார்.

இந்த இடத்தில், 'அக்காதான் வளையலை விற்று அவரைப் படிக்கவைத்தாள்' என்று எழுதி அடித்தேன். எழுதியிருந்தால் உங்கள் கண்ணீர் சல்லிசாகக் கிடைத்திருக்கும். அவள் தியாகி இல்லை. சின்ன வயதில் தம்பியின் மிட்டாயைப் பிடுங்கித் தின்றவள். வாயும் கொஞ்சம் நீளம். ஆனாலும் அக்கா.

பழியை மனைவியின் தலையில் கட்டவும் பார்த்தேன்.*

* கைக்கு வந்த வழி. ஆனால் இந்த மனைவி, "அண்ணிகிட்டயுமா ஏத்தணும்?" என்று கேட்டவள். கேட்டதோடு நிறுத்திக்கொண்டவளும்கூட.

3

வகுப்பு முடிந்ததும் ஆடிட்டரம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து மாஸ்டரின் போனில் ஒவ்வொன்றாகப் பதியவைத்தார். பெட்ரோல், இன்சூரன்ஸ், டயர். அடுத்தது மாடி வீடு. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: வாடகைதாரர் உங்களுக்கு உறவா?

"உறவுன்னா வாடகை நியாயமானதுதானான்னு அத்தாட்சி கேப்பாங்க. யார் இருக்கறது, மாஸ்டர்?"

அத்தாட்சிக்கு அவர் பயப்படவில்லை. கூடப்பிறந்தவளிடம் மாதாமாதம் கை நீட்டுகிறவன் என்று இந்த அம்மா நினைத்துவிட்டால்? காது மடல் சுட்டது.

"ஒரு அம்மா. தனியா இருக்காங்க" என்றார். 'இல்லை'யை அமுக்கினார்.

(கூச்சம்தான் மனிதனைத் திருத்தும் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். இங்கே அது ஆளைக் கவிழ்த்துவிட்டது. பத்தி குப்பைக்குப் போயிற்று.)

பதிந்த விவரம் சரிதானா என்று வாடகைதாரருக்கும் ஒரு செய்தி போகும் என்பது மாஸ்டருக்குத் தெரியாது.

4

அன்று சாயங்காலம் அக்கா போனும் கையுமாகப் படியிறங்கி வந்தாள். மாஸ்டர் காபி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டேய், எனக்கு என்னமோ வந்திருக்குடா. படிக்கறேன் கேளு. 'வீட்டு உரிமையாளருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை.' கீழ சரி, தவறுன்னு ரெண்டு கட்டம் போட்டிருக்கு. எதை அமுக்கணும்?"

"அது சும்மா ஒரு கணக்குக்குக்கா..."

"கணக்கு கேக்கறவன் கேட்டுட்டுப் போறான். இதை எழுதினது யாரு?"

மாஸ்டர் டம்ளருக்குள் பார்த்தார்.

"போன மாசம் நீ காய்ச்சல்ல கிடந்தப்ப, நெத்தில ஈரத்துணி போட்டுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தாளே. அவ யாரு? வாடகைக்காரியா?"

"அண்ணி, உக்காருங்க" என்றாள் மனைவி.

அக்கா உட்காரவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றி இன்னொரு தடவை படித்தாள். அவள் குரல் இறங்கியது. "தவறுன்னு அமுக்கினா உனக்கு அபராதம் கிபராதம் வருமா?"

அப்போதாவது அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'தவறுன்னே போடுக்கா, வர்றது வரட்டும்' என்று நான் ஒரு வரி எழுதிக்கொடுத்தேன். அவர் வாயில் அது நுழையவில்லை. வரலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அக்கா 'சரி'யை அமுக்கினாள்.

"ஆச்சு" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "நான் மேல போறேங்க" என்றாள்.

அந்த 'ங்க'வைக் கேட்டு மனைவியின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது.

5

மறுநாள் காலை மாடிப்படியில் நின்று அக்கா சொன்னாள்: "சார், பாத்ரூம் குழாய் ஒழுகுது. ஆளச் சொல்லி அனுப்புங்க." பக்கத்து வீட்டுக்காரர் அக்கா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்து வைத்தார். அதற்கப்புறம் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டாள். வாடகையை உறையில் போட்டு மனைவியிடம் கொடுத்து, "சார்கிட்ட குடுத்துடுங்க" என்றாள்.

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். மரியாதையைத் தாங்க முடியவில்லை. ஒரு பெண்ணுக்கு வண்டி திருப்பக் கற்றுக்கொடுக்கும்போது, "பிரேக்கைப் போடும்மா!" என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு நேரே ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார்.

நான் அங்கே இருந்தேன்.

"மேடம், உறவு இல்லைன்னு போட்டத மாத்தணும். மாடில இருக்கறது என் அக்கா. கூடப்பிறந்த அக்கா. அவகிட்டதான் நான் வாடகை வாங்கறேன்."

அறையில் இருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். அவர் ஒருவர்தான் குனிந்திருந்தார். ஆடிட்டரம்மா போனை வாங்கித் திருத்தினார். "அவங்களுக்கு மறுபடியும் செய்தி போகும், மாஸ்டர். அவங்க ஒத்துக்கணும்."

6

செய்தி போயிற்று. மேலிருந்து பதில் வரவில்லை.

எனக்கு முடிவு வேண்டும். ஒரு பிரதியில் அக்காவைப் படியிறங்கவைத்து, "போடா லூசு" என்று சொல்லவைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தம்பிதான் அவளை வசதிக்குத் தகுந்தபடி மாற்றி எழுதினான் என்றால், நானுமா? கூசிப்போய்க் கிழித்தேன். இன்னொரு பிரதியில் அவள் அதே இரண்டு பெட்டியோடு

வேண்டாம். அதுவும் என் வசதிதான்.

ஆகவே அவளை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மாஸ்டரைப் படியேறவைக்கிறேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. தட்டுகிறார். ரேடியோ நிற்கிறது.

"யாருங்க?" என்கிறாள் அக்கா.

எனக்கு அவருக்கான பதில் கிடைக்கவில்லை. அவர் வெகுநேரமாக நிற்கிறார். உங்களிடம் இருந்தால் சொல்லிக்கொடுங்கள்.